முதலில் வாரியலைக் கீழே வையுங்கள்: நிழல் விளையில் காட்டுச் செடி வளர்க்கும் முறை

நாஞ்சில் நாட்டில் வயலும் வெயிலும் பார்த்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி அதே குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் வந்தபோது வீட்டைச் சுற்றி 14 சென்ட் விளை (தோட்ட நிலம்) இருந்தது. ஆனால் வெயில் விழுகிற இடம் எது என்று தேடினால் துணி காயப்போடும் கொடிக்கு அடியில் மட்டும்தான். இரண்டு பலா, ஒரு அயனி, கிணற்றோரம் ஒரு மா, நாலு தென்னை, வடக்கு எல்லை முழுக்க அடுத்தவரின் ரப்பர். கத்தரி நட்டேன், குச்சிபோல நீண்டு, ஒரு பூகூட விடாமல் நின்றது. ரோஜா ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

"இந்த விளையில ஒண்ணும் வராது மாமி" என்றேன். மாமி கிணற்றுக்குப் பின்பக்கம் போய், தரையோடு ஒட்டிக் கிடந்த இரண்டு இலைகளுக்கு அடியில் விரலை விட்டு, ஒரு துண்டுக் கிழங்கைக் கிள்ளி என் மூக்கருகே நீட்டினார். கச்சோலம். வாசனை மண்டைக்குள் ஏறியது. "வராதுண்ணு ஆரு சொன்னா? நீ நடுகது எல்லாம் வெயிலுக்குள்ள செடி மக்களே."

கல்குளம், விளவங்கோடு பக்கமோ, எல்லை தாண்டி கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கமோ மரங்களுக்கு நடுவில் வீடு வாங்கியவர்கள், கட்டியவர்கள் எல்லோரும் நான் செய்த தப்பைத்தான் முதலில் செய்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். காட்டுத் தரையில் மரங்களுக்கு அடியில் வருஷக்கணக்கில் வாழும் செடிகள் நம்மிடம் நிறைய உண்டு. ஒருமுறை நட்டால் போதும். சில வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். சில மழை முடிந்ததும் மண்ணுக்குள் போய், அடுத்த மழைக்கு எழுந்து வரும்.

யூடியூபில் நிழல் தோட்டம் என்று தேடினால் ஹோஸ்டாவும் டிரில்லியமும்தான் வரும். அவை பனிக்காலத்தில் உறங்கி எழும் குளிர்நாட்டுச் செடிகள். குளிர் கிடைக்காத நம் ஊரில் ஹோஸ்டா வருஷத்துக்கு வருஷம் இளைத்துச் செத்துப்போகும். காசு கொடுத்து வாங்காதீர்கள். அங்கே மரம் இலை விடுவதற்கு முன்னால் கிடைக்கும் கொஞ்ச நாள் வெயிலில் தரைச்செடி பூத்து முடித்துவிடும். நம் காட்டுச் செடிகள் மழையைப் பார்த்துத்தான் எழுவதும் படுப்பதும்.

நிழலை அளப்பது

நிழல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். செடிக்கு அது மூன்று நாலு வகை. விளையின் படம் ஒன்றைக் காகிதத்தில் போட்டுக்கொண்டு, காலை 9 மணி, நடுப்பகல், மாலை 3 மணி என்று மூன்று நேரம் சுற்றி வாருங்கள். தரைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல் விரலாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் அது வெயில் இடம். கை என்று மட்டும் தெரியும் மங்கலான நிழல் விழுந்தால் அது இலைகளுக்கு நடுவே வெளிச்சம் சொட்டும் இடம். காட்டுச் செடிக்கு அதுதான் முதல்தரம். கையின் நிழலே விழவில்லை என்றால் அங்கே பெரணியைத் (ஃபெர்ன்) தவிர வேறு எதற்கும் அவசரப்படாதீர்கள். பலாவின் கீழ்க்கொப்பு ஒன்றிரண்டைக் கழித்துவிட்டால் பெரும்பாலும் அந்த இடமும் சரியாகிவிடும்.

இதை ஒரு நாள் மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. நாம் நிலநடுக்கோட்டுக்கு எட்டு பாகைக்குச் சற்று மேலேதான் இருக்கிறோம். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. டிசம்பரில் வீட்டின் வடக்குச் சுவரோரம் குளுகுளுவென்று இருந்ததைப் பார்த்து நான் ஆறு பெரணித் தொட்டிகளை அங்கே வரிசையாக வைத்தேன். மே மாதம் வந்தது. இடவப்பாதிக்கு, அதாவது ஜூன் வாக்கில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக்கு, முந்தைய அந்த வெயில் நேராக அந்தச் சுவரில் இறங்க, ஆறும் அப்பளம் மாதிரி சுருண்டன. அதனால் டிசம்பரில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை பாருங்கள். அவ்வளவு நாள் பொறுமை இல்லை என்றால் கிழக்குப் பக்கத்தில் ஆரம்பியுங்கள். காலை வெயிலில் கருகிய செடியை நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் ரப்பர் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. மார்கழியிலிருந்து மாசிக்குள் ரப்பர் இலை முழுக்க உதிர்ந்து, கொஞ்ச நாள் மொட்டையாக நிற்கும். அந்த நாட்களில் அடியில் வெயில் கொட்டும். கச்சோலம் மாதிரி மண்ணுக்குள் உறங்குகிற செடிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சித்தரத்தை, பெரணி போல எப்போதும் இலையோடு நிற்பவைதான் வாடும். ஆகவே ரப்பர் ஓரத்தில் உறங்கும் செடிகள், பலா மாவின் அடியில் உறங்காத செடிகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பலாவும் மாவும் ஒரேயடியாக இலை உதிர்ப்பதில்லை.

வேர் எங்கே இருக்கிறது

நிழலில் செடி வராததற்குப் பாதி நேரம் காரணம் நிழல் இல்லை, மரத்தின் வேர். நட நினைத்த இடத்தில் மண்வெட்டியால் ஒரு முழ ஆழம் வெட்டிப் பாருங்கள். பாய் பின்னியதுபோல மெல்லிய வேர்கள் இருந்தால் நீங்கள் விடும் தண்ணீரையும் உரத்தையும் மரம் குடித்துவிடும். ரப்பர் அடியிலும் மூங்கில் அடியிலும் இப்படித்தான் இருக்கும். தென்னையின் வேர்களில் பெரும்பங்கு அடிமரத்திலிருந்து 2 மீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்கு வெளியே தாராளமாக நடலாம்.

வேர்ப்பாய் இருக்கும் இடத்தை முழுதாகக் கொத்திப் புரட்டாதீர்கள். மரத்துக்கும் கேடு, வெட்டுப்பட்ட வேர் இரண்டு மடங்காகத் துளிர்த்து மறுபடி வரும். வேர்களுக்கு நடுவே கை நுழையும் அளவுக்குச் சிறு குழிகள் எடுத்து, அந்தக் குழிக்குள் மட்டும் மட்கிய சருகும் மண்ணும் போட்டு நடுங்கள். கட்டைவிரலைவிடத் தடித்த வேர் குறுக்கிட்டால் குழியைத் தள்ளி எடுங்கள். சிலர் அடிமரத்தைச் சுற்றி வட்டமாகக் கல் வைத்து, முழங்கால் உயரத்துக்கு மண் நிரப்பிச் செடி வைக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். மண்ணுக்குள் புதைந்த பட்டை அழுகி, நாலைந்து வருஷத்தில் மரம் போய்விடும். அப்புறம் நிழலும் இல்லை.

நம் மண் செம்மண், அடியில் வெட்டுக்கல். மழையில் சத்து கரைந்து ஓடிய புளிப்பு (அமில) மண். இஞ்சிக் குடும்பத்துச் செடிகளும் பெரணிகளும் லேசான புளிப்பைத் தாங்கும். அதனால் சுண்ணாம்பு அள்ளிக் கொட்ட அவசியமில்லை. இந்த மண்ணில் குறைவது மட்கு. அதற்குத்தான் தலைப்பில் சொன்ன வாரியல் (துடைப்பம்) கதை.

சருகு

இந்த ஊரில் விடியற்காலையில் முதலில் கேட்பது வாரியல் சத்தம். முற்றம் மட்டுமா, விளை முழுக்கத் தூத்து, ஒரு மூலையில் குவித்து, தீ வைத்துவிடுவார்கள். கல்யாணமான புதிதில் நான் சருகைக் கிடக்கவிட்டபோது மாமிக்குத் தாங்கவில்லை. "சருகு கெடந்தா வீட்டுல ஆளில்லேண்ணு நினைப்பாவ." அது சுத்தத்தைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை, மானத்தைப் பற்றியது.

காட்டில் யாரும் தூப்பதில்லை. மழைக்காலத்தில் பலா இலைகளில் சேர்ந்து சொட்டும் தண்ணீர் கனமான துளியாக விழுந்து வெறும் தரையில் குழி பறிக்கும், மண்ணைத் தெறிக்கவிடும், கிழங்கை வெளியே காட்டும். கோடையில் அதே வெறும் தரை ஓடுபோல இறுகும். மேலே மூன்று விரல் கனத்துக்குச் சருகு கிடந்தால் இது எதுவும் நடக்காது. போதாததற்கு அது மட்கி உரமாகவும் ஆகும். மேலுரம் என்று நான் வேறு எதையும் பெரிதாகப் போடுவதில்லை. இடவப்பாதிக்கு முன் ஒரு கூடை காய்ந்த சாணிப்பொடி, அவ்வளவுதான்.

நாங்கள் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். வீட்டைச் சுற்றி இரண்டு மீட்டர் அகலத்துக்கும், கிணற்றுக்கும் கழிப்பறைக்கும் போகும் பாதையிலும் சருகு கிடக்கக்கூடாது. அங்கே தூத்ததை எல்லாம் செடிப் பாத்தியில் போட வேண்டும். தீ மட்டும் கூடாது. இந்த ஏற்பாட்டில் மானத்தோடு பாம்புக் கணக்கும் சேர்ந்திருக்கிறது. மலையடிவாரத் தோட்டங்களில் சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் குழிவிரியன் உண்டு. நம்மூரில் வழக்கமாகப் போடும் விஷமுறிவு ஊசி அதன் விஷத்துக்குக் கேட்பதில்லை. கடிபட்டால் கட்டுப்போட்டு மந்திரிக்கிற வேலை வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடிபடாமல் இருக்க, பாத்திக்குள் வெறுங்காலோடு போகாதீர்கள். கையை விடும் முன் ஒரு கம்பால் சருகைக் கிளறுங்கள். அந்தி சாய்ந்தபின் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். பாத்தியோரம் கல் குவியலும் விறகுக் குவியலும் வைக்காதீர்கள்.

எல்லாச் சருகும் ஒன்றில்லை. ரப்பர் இலை சீக்கிரம் மட்கும். பலா, அயனி, மா இலைகள் தடித்தவை. மெதுவாகத்தான் மட்கும், ஆனால் போர்வையாக நன்றாக நிற்கும். தேக்கு இலையை முழுசாகப் போட்டால் குடைபோல் மூடித் தண்ணீரை வெளியே வழித்துவிடும். வெட்டுக்கத்தியால் நாலாகக் கொத்திப் போடுங்கள். மிஞ்சும் சருகை மூலையில் இடுப்புயரத்துக்குக் குவித்து, நனைத்து, பழைய வலையால் மூடி வையுங்கள். எட்டு மாதம் முதல் ஒரு வருஷத்தில் கறுப்பாக, பொலபொலவென்று, மழைபெய்த காட்டு வாசனையோடு ஒரு மட்கு கிடைக்கும். கடையில் விற்கும் எந்தப் பாக்கெட்டும் அதற்கு ஈடில்லை. பாத்திகளுக்கு நடுவே கதம்பையை (தேங்காய் மட்டை) உட்குழிவு மேலே பார்க்கும்படி வரிசையாகப் புதைத்தால் கோடையில் ஈரம் பிடித்து வைக்கும், நடக்கவும் வழியாயிற்று.

எதை நடுவது

முதல் செடி கச்சோலம்தான். சந்தேகமே வேண்டாம். இஞ்சிக் குடும்பம். வட்டமான இரண்டு மூன்று இலைகள் தரையில் படிந்து கிடக்கும்; மழைக்காலத்தில் நடுவிலிருந்து, ஊதாப் பொட்டு வைத்த வெள்ளைப் பூ ஒன்றிரண்டு தினமும் காலையில் விரிந்து மாலைக்குள் வாடும். தென்னந்தோப்பில் ஊடுபயிராகவே கேரளத்தில் இதைப் பயிர் செய்கிறார்கள்; கேரள வேளாண் பல்கலைக்கழகம் கஸ்தூரி, ரஜனி என்று இரண்டு ரகங்களையும் வெளியிட்டிருக்கிறது. நமக்கு ரகம் முக்கியமில்லை. அயல் வீட்டில் ஒரு பிடி கிழங்கு கேட்டு வாங்கினால் போதும்.

அடுத்தது செங்கழுநீர்க் கிழங்கு. தமிழ்ப் பாட்டுகளில் செங்கழுநீர் என்றால் குளத்துப் பூ. எல்லைக்கு அந்தப் பக்கம் அதே பெயர் ஒரு நிழல் செடிக்கு, கச்சோலத்தின் நெருங்கிய சொந்தத்துக்கு. நம் மாவட்டத்தின் அன்றைய நாலு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும், பிறகு வந்த திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை. அதனால் இங்கே ஒரே விளையில் இரண்டு மொழிப் பெயர்களும் கலந்து கிடக்கின்றன. நர்சரியில் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், செடியைப் பார்த்து வாங்குங்கள். ஓரிலைத்தாமரை என்று மலையாளத்தில் சொல்வது ஒற்றை இலை விடும் ஒரு தரை ஆர்க்கிட்; தமிழ் வைத்தியர் சொல்லும் ஓரிதழ்த்தாமரை முற்றிலும் வேறு. கூவை என்ற பெயரில் இரண்டு செடிகள் உண்டு. சரி, செங்கழுநீருக்கு வருவோம். அதன் அழகு என்னவென்றால் இலை வருவதற்கு முன்னால் பூ வரும். சித்திரையில் கோடை மழை ஒன்று பெய்தால் போதும், வெறும் மண்ணைப் பிளந்துகொண்டு வெள்ளையும் ஊதாவுமாக, வாசனையோடு பூக்கும். செடியே இல்லாத இடத்தில் யாரோ பூவைக் குத்திவைத்ததுபோல இருக்கும். பூ முடிந்தபின் அடிப்பக்கம் ஊதா ஓடிய இலைகள் வந்து மழைக்காலம் முழுக்க நிற்கும்.

பாத்தியின் பின்வரிசைக்குச் சித்தரத்தை. இடுப்புயரப் புதராக வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். வெள்ளைப் பூவின் நடுவிதழில் மஞ்சளும் சிவப்பும் கீறல் கீறலாக இருக்கும். கிழங்கெடுக்க ஒன்றரை வருஷமாவது விடுங்கள். நான் எடுப்பதே இல்லை. வீட்டில் யாருக்காவது இருமல் வந்தால் ஓரத்தில் ஒரு துண்டு உடைத்துக்கொள்வதோடு சரி.

கூவை மாவுக்காக. மார்கழித் திருவாதிரைக்குக் கூவைப் பாயசம் வைக்கும் வீடுகள் இங்கே இன்னும் உண்டு. பத்து மாதத்தில், இலை மஞ்சளித்துச் சாயும்போது கிழங்கைத் தோண்டி, துருவி, துணியில் வடித்து, பாலைத் தெளியவைத்து, மேல்தண்ணீரை மூன்று நாலு முறை மாற்றினால் அடியில் வெள்ளை மாவு தங்கும். ஒரு நாள் வேலை. கூடை நிறையக் கிழங்குக்கு ஒரு கிண்ணம்தான் மாவு கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

திப்பிலி ஈரமான ஓரத்துக்கு. குளியலறைத் தண்ணீர் போகும் வாய்க்கால் பக்கத்தில், சோப்பு நேராகப் படாத தூரத்தில் வையுங்கள். மூன்று கணு உள்ள தண்டை வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி இரண்டடிக்கு ஒன்றாக நட்டால் ஒரு மழையில் தரையை மூடிவிடும். காய் கரும்பச்சையாகத் திரண்டதும், பழுக்கும் முன் பறித்து நாலைந்து நாள் காயவையுங்கள். மூன்று வருஷத்துக்குமேல் விளைச்சல் இறங்கும். புதுத்தண்டு நட வேண்டும். கோடையில் தண்ணீர் கேட்கிற செடி என்பதை மறக்காதீர்கள்.

முன்வரிசையில் நிலப்பனை. தென்னங்கன்றைச் சுருக்கி வைத்ததுபோல ஒரு சாண் செடி, தரையை ஒட்டி மஞ்சள் நட்சத்திரப் பூ. அதனோடு முக்குற்றி. இரண்டும் தசபுஷ்பம் என்று கேரளத்தில் சொல்லும் பத்துச் செடிகளில் சேர்ந்தவை. இவற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை. தூப்பதை நிறுத்திய இரண்டாம் வருஷம் எங்கள் விளையில் தானாகவே வந்தன. களை என்று பிடுங்காமல் இருந்தால் போதும்.

பெரணிக்கு ஒரு துப்பு: உங்கள் கிணற்றுச் சுவரை எட்டிப் பாருங்கள். கறுப்புக் கம்பி போன்ற தண்டில் சின்ன விசிறிகளாகத் தொங்குகிறதே, அதையே கல்லிடுக்கில் மட்கு வைத்துத் தரைக்குக் கொண்டுவரலாம். பலாவின் கவட்டில் முடவாட்டுக்கால் என்ற பெரணியின் கிழங்கை ஒரு கயிற்றால் கட்டிவைத்தால் ஒட்டிக்கொள்ளும். அது பழுப்பு இலைகளைக் கிண்ணம்போல் பிடித்து, விழும் சருகைச் சேர்த்துத் தன் உரத்தைத் தானே செய்துகொள்ளும்.

ஏலக்காய் வேண்டாம். ஒரு நர்சரியில் "மூணு வருஷத்துல காய்க்கும்" என்று சொல்லி எனக்கு நாலு கன்று விற்றார்கள். எட்டு வருஷமாகிறது, இலை நன்றாக இருக்கிறது. ஏலம் காய்க்க ஏறக்குறைய 600 மீட்டருக்கு மேற்பட்ட மலை வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சேனையும் காச்சில் கிழங்கும் அரை நிழலில் வரும். சேனைக்கு மாசிதான் மாதம். கும்பத்தில் (மாசி) நட்டால் குடத்தளவு, மீனத்தில் (பங்குனி) நட்டால் மீன்கண்ணளவு என்று மலையாளத்தில் சொல்வதை இங்கும் சொல்வார்கள். மலையடிவாரத்தில் இருந்தால் காட்டுப்பன்றி வந்து அறுவடை செய்துகொண்டு போகும். வீட்டை ஒட்டியோ சாக்கிலோ நடுங்கள். கலேடியம் போன்ற வண்ண இலைச் செடிகள் நிழலில் பிரமாதமாக வரும். ஆனால் வாயில் வைத்தால் நாக்கும் தொண்டையும் வீங்கும். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம். செங்கொடிவேலியின் பூ அழகு, வேர் பட்டால் தோல் கொப்புளிக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

காட்டிலிருந்து எதையும் பெயர்த்துக்கொண்டு வராதீர்கள். சட்டப்படி குற்றம். குற்றம் இல்லாவிட்டாலும் அது பிழைக்காது. அகத்தியமலைக் காட்டில் ஓடைக்கரை நிழலில் ஆரோக்கியபச்சை என்று ஒரு சிறு செடி உண்டு. 1987ல் காட்டுக்குள் போன ஆராய்ச்சியாளர்கள், கூட வந்த கானிக்காரர்கள் (அந்த மலைப் பழங்குடியினர்) அதன் காயைத் தின்று சோர்வில்லாமல் நடந்ததைக் கவனித்தார்கள். பாலோட்டில் உள்ள தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. கிடைத்த உரிமத் தொகையில் பாதியைக் கானி மக்களுக்குக் கொடுக்கவும் ஏற்பாடானது. அந்தச் செடிக்கு அந்தக் காட்டு நிழலும் ஈரமும்தான் வேண்டும். யாராவது கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள். பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், ஸ்ரீகாரியத்தில் உள்ள கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், வெள்ளாயணி வேளாண் கல்லூரி என்று கேட்டுப் பார்க்க நல்ல இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

நடும் நாள்

பத்தடி நீளம், ஆறடி அகலம் போதும். முதல் வருஷமே விளை முழுவதையும் எடுக்காதீர்கள். பின்வரிசையில் மூன்று சித்தரத்தை, நடுவில் ஐந்தாறு செங்கழுநீர், முன்னால் இருபது கச்சோலம். கூவைக்கு வேறு மூலை கொடுங்கள். அதைத் தோண்டி எடுக்கும்போது பக்கத்துச் செடி கலையும்.

சித்திரைக் கடைசியில் கோடை மழை இரண்டு மூன்று பெய்து மண் இளகியதும் நட வேண்டும். இடவப்பாதி தொடங்கும்முன் வேர் பிடித்துவிட்டால் ஜூன் மழை செடியை வளர்க்கும். ஜூன் மழையிலேயே நட்டால் கிழங்கு அழுகும். பாத்தியை அரை அடி உயர்த்துங்கள், அடிமரத்தை விட்டுத் தள்ளி. கிழங்கை ஒன்றிரண்டு கண் உள்ள துண்டுகளாக உடைத்து, அழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடியான சூடோமோனாஸை லிட்டருக்கு 20 கிராம் கரைத்து அரைமணி நேரம் முக்கி, நிழலில் உலர்த்துங்கள். பொடி கிடைக்காவிட்டால் சாணிக்கரைசல். கண் மேலே பார்க்க, இரண்டு விரல் ஆழத்தில், கச்சோலத்துக்கு ஒரு சாண் இடைவெளி, செங்கழுநீருக்கு ஒரு அடி, சித்தரத்தைக்கு இரண்டடி. மேலே மட்கு, அதன்மேல் சருகு. தண்ணீர் ஒரே ஒரு தடவை. அப்புறம் முளை தெரியும்வரை கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். புதியவர்களுக்குக் கஷ்டமான வேலை இதுதான். தினமும் சருகை விலக்கிப் பார்க்காதீர்கள். முளை ஒடியும்.

பெரணியையும் தொட்டிச் செடிகளையும் இதோடு சேர்த்து நட வேண்டாம். ஆவணியில் மழை ஓய்ந்து ஓய்ந்து பெய்யும்போது நட்டால் ஐப்பசி மழைக்குள் நிலைத்துவிடும். இரண்டு மழைக்காலமும் கிடைப்பது நம் மாவட்டத்துக்கு வாய்த்த வசதி.

செத்துப்போகவில்லை, தூங்குகிறது

முதல் வருஷம் மார்கழி முடியும்போது கச்சோலத்தின் இலை மஞ்சளித்தது. தண்ணீர் விட்டேன். இன்னும் மஞ்சளித்தது. உரம் வைத்தேன். தையில் ஒரு இலைகூட இல்லை. மாசியில் அந்த இடத்தைக் கொத்தி, கிழங்கெல்லாம் வெட்டுப்பட, தக்காளி நட்டேன். மாமி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெட்டுப்பட்ட துண்டுகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போனார். வைகாசியில் அவருடைய பாத்தியில் எல்லாம் முளைத்தது. என்னிடம் தக்காளியும் இல்லை.

கச்சோலம், செங்கழுநீர், கூவை, மஞ்சள், சேனை எல்லாம் தூங்குகிற செடிகள். இலை மஞ்சளிக்கத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்துங்கள். இலையைப் பிடுங்காதீர்கள்; தானே காய்ந்து விழட்டும், அதிலுள்ள சத்து கிழங்குக்குள் இறங்க வேண்டும். மேலே சருகைக் கனமாகப் போட்டு, நாலரை மாதம் மறந்துவிடுங்கள். எங்கே என்ன இருக்கிறது என்பது மறந்துபோகும் என்பதால் இப்போது உடைந்த ஓட்டுத்துண்டில் பெயின்டால் எழுதி ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் குத்தி வைக்கிறேன். பார்க்கிறவர்கள் கல்லறைத் தோட்டமா என்று கேட்கிறார்கள்; கேட்கட்டும். சித்தரத்தை, திப்பிலி, பெரணி தூங்காதவை. மாசியிலிருந்து சித்திரை வரை நாலு நாளைக்கு ஒருமுறை வேருக்குள் இறங்கும்படி தண்ணீர் விடுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதால் பயனில்லை.

தொல்லைகள்

மழைக்காலத்தில் ஆப்பிரிக்க நத்தை. ஒரு ராத்திரியில் இருபது கச்சோலத்தின் இலையையும் நரம்பு மட்டும் விட்டுத் தின்றுவிடும். அந்தியில் நனைந்த சாக்குக்கு அடியில் பப்பாளி இலையைப் போட்டு வைத்தால் கூட்டமாக வந்து சேரும். கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத்தண்ணீர் வாளியில் போட்டு, பிறகு குழியில் புதையுங்கள். மூளைக்காய்ச்சல் தரும் புழு அதனிடம் உண்டு. பிள்ளைகளை வெறுங்கையால் தொடவிடாதீர்கள். செடியைச் சுற்றி உப்பைத் தூவவும் கூடாது. மண் கெடும்.

தண்டு அடியில் நீர் கோத்து, இழுத்தால் கையோடு வந்தால் கிழங்கழுகல். அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி வெளியே போட்டு, பாத்தியின் வடிகாலைச் சரிசெய்யுங்கள். மருந்தைவிட வடிகால்தான் காப்பாற்றும்.

ரப்பர் தோட்டத்தில் களை வராமலிருக்கப் போடும் மூக்குனாக் கொடி எல்லை தாண்டி வந்தால் வாரம் ஒருமுறை வெட்டிவிடுங்கள். ஒரு மாதம் விட்டால் சித்தரத்தை தெரியாது. பால் எடுக்காத நாட்களில் மரத்தில் தொங்கும் சிரட்டைகளில் தண்ணீர் நின்று டெங்குக் கொசு பெருகும். கொசுவுக்குச் சருகைக் குறை சொல்கிறார்கள். முதலில் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள்.

மூன்றாம் வருஷம் கச்சோலம் ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கி, இலை சிறுக்கும். சித்திரையில், முளை கண்விடும் முன், பிரித்து எடுக்க வேண்டும். அயல்வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்திருப்பார். பாதியை அவருக்குக் கொடுங்கள், பாதியை அதே இடத்தில் திரும்ப வைத்து, ஓட்டுத்துண்டைக் குத்தி, சருகை மூடிவிடுங்கள்.